அண்ணன் வரிசையில் தம்பி அட்டை

வரிசையின் முகப்புக்கு வந்ததும் வென்டல் கிராபில் சட்டென்று விலகி, மறுபடியும் கடைசியில் போய் நின்றார். காலையிலிருந்து இதே கூத்து. அவருக்கு முன்னால் நின்றவர்கள் கையெழுத்து வாங்கி, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வீடே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"என்ன கண்ணு, பொண்ணு கேக்கவா வந்திருக்கே? இப்படி வெக்கப்படறே?" என்றாள் வரிசையைக் கட்டி மேய்க்கும் டார்லா. இண்டியானாவில் எங்கே பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளுக்குச் சந்தை போட்டாலும் அவளும் இருப்பாள், வென்டலும் இருப்பார்.

மேடையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் பாய்ட் கெல்சோ. அந்தக் காலத்தில் அவர் இடக்கையால் எறிந்த பந்தை அடிக்கப்போன ஒருவர், மட்டையோடு சுழன்று சுழன்று பக்கத்து மாநிலத்துக்கே போய்விட்டதாகச் சொல்வார்கள். அது மிகை. எல்லையோடு நின்றுவிட்டார்.

ஆனால் வென்டல் கையில் வியர்த்துக்கொண்டிருந்த அட்டையில் பாய்ட் இல்லை.

"பெரியவரே, அட்டை மாறிப்போச்சு" என்றான் பின்னால் நின்ற தடியன். "இது தம்பிக்காரன், லைல்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா? லைல் மட்டையைத் தூக்கினா ஈகூட பயப்படாம அதுமேல உக்காருமே!"

"உக்காந்த ஈக்கு எவ்வளவு நிம்மதி! அதை யோசிச்சியா?" என்றார் வென்டல்.

லைல் ஆடியது இரண்டே பருவம். அவருடைய அட்டையைச் சைக்கிள் சக்கரத்தில் செருகி, டரடரவென்று ஓட்டிக் கிழித்தவர்கள்தான் ஊரில் அதிகம். வென்டல் மட்டும் அதைத் தேடித் தேடிச் சேர்த்தார். வேறு அட்டையைத் தொடவே மாட்டார். அவருக்கும் ஓர் அண்ணன் உண்டு. ஊர் மேயர். அதற்கு மேல் காரணம் கேட்கக் கூடாது.

சேர்த்த ஒவ்வொரு அட்டையையும், தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு லைலுக்கு அனுப்புவார். சில வாரங்களில் கையெழுத்தோடு திரும்பி வரும். ஒவ்வொரு கையெழுத்திலும் மை லேசாக இழுபட்டிருக்கும். 'பாவம், காயக்கூட விடாமல் அனுப்புகிறார்' என்று வென்டல் உருகிப்போவார்.

போன குளிர்காலத்தில் அனுப்பியது மட்டும் திரும்பவில்லை. பனி உருகியது, சோளம் விதைத்தார்கள், அப்போதும் வரவில்லை. லைலுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இல்லை, கடிதத்தில் தான் எதையாவது உளறிவைத்தோமா? வென்டலுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனையே கேட்டுவிடலாம் என்றுதான் வந்தார். என்ன பதில் வருமோ என்று நினைத்ததுமே கால் தானாகக் கடைசிக்கு ஓடியது.

"இந்தத் தடவை ஓடினே, கயிறு கட்டி இழுத்துட்டு வருவேன்" என்று டார்லா முதுகில் கைவைத்துத் தள்ளினாள். வென்டல் மேசையில் போய் மோதி நின்றார்.

வாயைத் திறப்பதற்குள் அட்டை கைமாறிவிட்டது. பாய்ட் படத்தைப் பாதிக் கண்ணால் பார்த்தார்; பேனா தன்பாட்டுக்கு ஓடியது. இடக்கை எழுத்தின் மேலேயே உராய்ந்துகொண்டு நகர, ஈர மை இழுபட்டது.

வென்டல் குனிந்து பார்த்தார். எழுதியிருந்தது: லைல் கெல்சோ.

அதே சுழி. அதே இழுப்பு. வீட்டில் ஆல்பம் ஆல்பமாக இருக்கும் அதே கையெழுத்து.

"ஐயா... இது உங்க பேரு இல்லையே."

பாய்ட் அட்டையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. "கைப்பழக்கம்" என்று முனகினார்.

"அப்ப இத்தனை வருஷமா எனக்கு வந்ததெல்லாம்? லைல் சார் தொட்டதுகூட இல்லையா? எல்லாமே போலியா?"

"கத்தாதீங்க. நீங்க யாரு?"

"வென்டல் கிராபில். ஹன்டிங்டன்லேருந்து எழுதுவேனே..."

பாய்ட் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்து விழுந்தது. "கிராபிலா? அந்த கிராபிலா?"

"லைல் சாருக்கு என்ன ஆச்சு? அதை மட்டும் சொல்லிடுங்க."

"நானும் அவனும் ஒரே வீட்டுலதான் இருக்கோம். உங்க கடிதம் வந்தா பிரிக்கக்கூட மாட்டான், நேரா குப்பைதான். நான் பொறுக்கியெடுத்து, அவன் பேரைப் போட்டு அனுப்புவேன். போன குளிர்ல நான் பாக்கறதுக்குள்ள அடுப்புல போட்டுட்டான்."

"என்மேல அவ்வளவு கோவமா?"

"உங்கமேல எங்க? என்மேல! 'என்னைத் தேடி எவன்டா எழுதுவான்? என்னைத் தேத்தறதுக்கு நீயே பொய்ப் பேர்ல எழுதறே'ங்கறான். தலைகீழா நின்னு சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்கறான்."

"அப்ப அவரு நல்லாத்தான்..."

"நல்லாத்தானாவா? திரைக்குப் பின்னால வண்டிச் சாவியை ஆட்டிக்கிட்டு, 'எப்போ கிளம்பலாம், எப்போ கிளம்பலாம்'னு காலையிலேருந்து என் உயிரை எடுக்கறான்."

வென்டலின் கால் பழக்கப்படி கடைசிக்குத் திரும்பியது. பாய்ட் விடவில்லை. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் திரையை விலக்கி, கூரை அதிரக் கத்தினார்:

"டேய் லைல், வெளிய வாடா! கிராபில்னு நெசமாவே ஒரு ஆள் இருக்கார்டா!"