ஈறு பொய் சொல்லாது

"மூணே வருஷத்துல பல்லு ஆடுதுன்னா, நீங்க என்னத்தப் பதிச்சீங்க டாக்டர்?"

அந்த அம்மா போட்ட சத்தம் வெளியே காத்திருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தர், எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார்.

நாற்காலியில் மல்லாந்திருந்தவர் அவளுடைய புருஷன். பள்ளிக்கூட பஸ் டிரைவர். வாய் நிறைய கருவி, கண் இறுக்க மூடியிருந்தது.

"பதிச்ச பல்லு நல்லாத்தாம்மா இருக்கு. சுத்தியிருக்கிற ஈறுதான் அதை இறுக்கிப் பிடிச்சிருக்கணும். அது தளர்ந்துடுச்சு. அடியில எலும்பும் கரைய ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர்.

"அது ஏன் தளருது? ரெண்டு வேளையும் தேய்க்கிறாரே!"

"சர்க்கரை இருந்தா இப்படி ஆகும். இல்லன்னா... சிகரெட்."

"சர்க்கரையும் இல்ல, உப்பும் இல்ல. பல்லு பதிக்கிறதுக்கு முன்னாடியே சிகரெட்டைத் தலைமுழுகிட்டார். எங்க பொண்ணு மேல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கார். என்னங்க, நீங்களே சொல்லுங்களேன்!"

டாக்டர் கருவிகளை வெளியே எடுத்தார். இப்போது பேசலாம்.

டிரைவர் "ம்" என்று தலையை மட்டும் ஆட்டினார்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தார். கீழ்ப் பல்வரிசைக்குப் பின்னால் திட்டுத் திட்டாகப் பழுப்புக் கறை. அதற்கு மேல் குப்பென்று பெப்பர்மின்ட் வாசனை. நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார்.

"என் தப்புதாம்மா" என்றார் கடைசியில். "ஈறு மெலிசா இருக்குன்னு தெரிஞ்சப்பவே, மேலண்ணத்துல இருந்து கொஞ்சம் சதை எடுத்து வச்சுத் தைச்சிருக்கணும். விட்டுட்டேன்."

"அப்படி வாங்க வழிக்கு! தப்பை நீங்க பண்ணிட்டு, பழியைத் தூக்கி இவர் மேல போடப் பாத்தீங்களே! எங்க தெருவுல ஒருத்தர் இங்க படியேறாம பண்றேனா இல்லையா பாருங்க!"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, டாக்டர் தப்புதானாமே. உங்க மேல ஒண்ணும் இல்லையே?"

டிரைவர் தலைக்கு மேலிருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அவள் விருட்டென்று வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

டிரைவர் சாத்தியிருந்த கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "நாலு... அஞ்சு. பசங்களை இறக்கி விட்டுட்டு, பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு."

"விட்டீங்கன்னா இந்தப் பல்லைக் காப்பாத்த முயற்சி பண்ணலாம். விடலன்னா கையோட வந்துடும்."

"சார்... எனக்காக நீங்க ஏன் அவகிட்ட இவ்வளவு பேச்சு வாங்கினீங்க?"

"உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையா சொன்னாங்க! அதை உடைக்க எனக்கு மனசு வரல. அவ்வளவுதான்."

டிரைவர் கூனிக் குறுகிப் போனார். சீ, என்ன மனுஷன் நான்! வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். முடிவு செய்துகொண்டு கதவைத் திறந்தார்.

கவுன்டரில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மனைவி, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மன்னிப்புக் கேட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடும்மா. பெப்பர்மின்ட் போட்டா வாய்தானே மணக்கும், சட்டை மணக்குமா? தினமும் அதைத் தோய்க்கிறவளுக்குச் சிகரெட் வாடை தெரியாதா? ஒரு நல்ல மனுஷனை இந்தக் கத்து கத்தினா, அதைப் பொறுக்க முடியாமலாவது இவர் உண்மையைச் சொல்லிடுவார்னு பாத்தேன். கடைசி வரைக்கும் சொல்லலையேம்மா!"