ஏழாவது கையெழுத்து

நோட்டீஸ் போர்டில் ஏழு என்று இருந்தது.

பன்னிரண்டு வீட்டில் ஏழு பேர், அதாவது பாதிக்கு மேல், சம்மதம் தந்துவிட்டார்கள், இனி கட்டடத்தை இடித்துப் பதினான்கு மாடி எழுப்பலாம் என்று சொசைட்டி செயலாளர் காலையிலேயே ஒட்டியிருந்தார். யார் அந்த ஏழு பேர் என்று எழுதவில்லை. எழுதினால் கைகலப்பு நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இதில் ஆறு பேரை எங்களுக்கே தெரியும். அந்த ஆறு வீடும் கைமாறிப் பல வருடம் ஆகிவிட்டது. வாங்கியவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். உள்ளே நாலு நாலு பேராக ஐ.டி. பையன்கள் வாடகைக்கு. இந்த ஆறு சொந்தக்காரர்களும் பில்டர் கேட்ட அன்றே கையெழுத்துப் போட்டவர்கள்.

மீதி ஆறு வீடு நாங்கள். பட்டறைச் சம்பளத்தில் இந்த மராட்டிய ஊரில், தாபோடியில் வீடு வாங்கி, முப்பது வருடமாக இங்கேயே கிடக்கிற தமிழ்க் குடும்பங்கள்.

அந்த ஏழாவது ஆள் எங்களுக்குள் இருந்தான்.

அடுத்த தெருவிலும் இப்படித்தான் இடித்தார்கள். மூன்று வருடத்தில் சாவி என்றார்கள். ஏழு வருடமாகத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூட இப்போது இந்தப் பக்கம் இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை கீழே பிள்ளையார் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம். வீட்டுக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு கட்டி. யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

நான் ஒவ்வொரு கையாகப் பார்த்தேன்.

கலியன் அண்ணன் கொசு அடிப்பதுபோல ஒரே தட்டு. ஷீலா கண்ணை மூடிக்கொண்டாள். எதற்கு மூட வேண்டும்? வைஜயந்தி அணைத்த கையோடு அடுத்த நிமிடமே போனை எடுத்தாள். சேஷு யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

லூர்துசாமி மட்டும் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். மாதா கோயிலுக்குப் போகிறவன். பட்டென்று அடித்து எடுக்க வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. கை பொத்துப்போய், புண்ணாகி, இன்னும் கட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறான்.

அவ்வளவு சூட்டையும் தாங்கிக்கொண்டு ஒருவன் நிற்கிறான் என்றால் அது சத்தியமா, நடிப்பா?

போர்டு முன்னால் முதலில் அவன் பெயரைச் சொன்னது நான்தான்.

நம் சாமிமேல் அவனுக்கு என்ன பயம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இரண்டு அட்டைப்பெட்டி வந்து இறங்கியதைச் சொன்னேன். யார் வீட்டு வேலையாக இருந்தாலும் ஓடி வருகிறான், ஒரு டீகூட வாங்கிக் குடிப்பதில்லை. இப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புவது என்றேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்றும் சொன்னேன்.

சொல்லச் சொல்ல எல்லோர் முகமும் தெளிந்தது. தங்கள்மேல் விழவில்லை என்கிற தெளிவு.

கலியன் அண்ணன் கையை ஓங்கி, "இன்னியிலேர்ந்து அவன் வீட்டுப் படி எவனும் மிதிக்கக் கூடாது. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஒரு உதவி வாங்கக் கூடாது. மீறினா அவங்களும் துரோகிதான்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அப்போதுதான் லூர்துசாமி படியிறங்கி வந்தான். அவன் போர்டைப் படித்தான். திரும்பி எங்களைப் பார்த்தான். ஐந்து பேரும் அவனுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

புரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். கோபப்படவில்லை. என் பக்கம் மட்டும் வந்தான்.

"அக்கா, வியாழக்கெழம அண்ணன எத்தன மணிக்கு எறக்கணும்? கை இப்ப பரவால்ல, நாற்காலிய புடிச்சுடுவேன்."

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது. நாங்கள் மூன்றாவது மாடி. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு அவரை நாற்காலியில் வைத்து இறக்குவதும் ஏற்றுவதும் லூர்துசாமியும் அவன் மகனும்தான். ஒவ்வொரு முறையும் இவர் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தவிர இவர் தெருவைப் பார்த்ததில்லை.

பில்டர் காட்டிய படத்தில் லிஃப்ட் இருந்தது. நாற்காலியோடு நுழையலாம் என்றான்.

அன்று பிள்ளையார் முன்னால் நான்தான் கடைசி. கையைக் கொண்டுபோவதற்குள் காற்று வீசிக் கற்பூரம் தானாகவே அணைந்துவிட்டது. எல்லோரும் லூர்துசாமியின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. நான் வெறும் தட்டில் கையை வைத்து எடுத்தேன்.

நான் அணைக்கவில்லை, அதனால் அது சத்தியம் ஆகாது. மறுநாள் கையெழுத்துப் போடும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

லூர்துசாமி பதிலுக்காக நின்றான். நான்கு பேரும் இப்போது என் வாயையே பார்த்தார்கள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்டைப் படித்தேன்.

அவன் மேலே ஏறிப் போனான்.

புதுக் கட்டடம் எழும்ப மூன்று வருடம் என்று போட்டிருந்தது. வியாழக்கிழமை நாளை மறுநாள்.