ஓட்ட வேண்டியவர் வரவில்லை

தினமும் சேர்ந்து டவுனுக்குப் போகும் வேன் பூட்டிக் கிடக்க, அதைச் சுற்றி எல்லோரும் தவித்தார்கள். வாரம் ஒருவர் ஓட்டுவதுதான் ஏற்பாடு.

"இந்த வாரம் குமாஸ்தா முறை. போனையும் எடுக்க மாட்டேங்கறார்!" என்று பொருமினார் கிடங்குக்காரர்.

"எனக்கு இன்னிக்குப் பரீட்சை இருக்குக்கா," என்று மாணவி நர்ஸின் தோளில் சாய்ந்து அழுதாள்.

"இன்னிக்கும் லேட்டுன்னா எனக்கு வேலையே போயிடும். நம்ம வயித்துல அடிக்கிற ஆளு இனி இந்த வேன்ல வேணாம். கை தூக்குங்க!" என்று கத்தினார் கிடங்குக்காரர்.

எல்லோரும் தூக்கினார்கள்.

அப்போது குமாஸ்தாவே கூப்பிட்டார். தூக்கிய கையோடு நர்ஸ் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் இன்னிக்கு லீவும்மா. என் முறை போன வாரமே முடிஞ்சுதே! சாவியைக் கிடங்குக்காரர்கிட்ட அப்பவே குடுத்துட்டேனே!"

கிடங்குக்காரரின் கை மெல்ல இறங்கி, கால்சட்டைப் பைக்குள் போனது. சாவி இருந்தது.

மற்றவர்களின் கைகள் இறங்கவேயில்லை.