கூடத்துக் கம்ப்யூட்டர்

காலையில் பெங்களூரிலிருந்து கச்சிராயபாளையம் வந்திறங்கிய தேன்மொழி, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு புதுப் போன் வாங்கி வந்திருந்தாள். அப்பா கழனிக்குப் போயிருந்தார்.

“இந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிப் போட்டுடலாம்மா. இதுக்கு இனிமே அப்டேட்டே வராது. வீடியோ கால்லாம் போன்லயே பேசிக்கலாம்.”

“வாணாம். அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது” என்றாள் அம்சவள்ளி.

தேன்மொழி காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது அது. பரீட்சை ரிசல்ட் வந்த அன்று மூவரும் முட்டி மோதிக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்தது அவளுக்கும் நினைவுக்கு வந்தது.

“எனக்கும் மனசு வரலதாம்மா. ஆனா போன்னா கையோட எடுத்துக்கினு எங்க வேணா போலாம்ல?”

“அதனாலதான்டி வாணாங்கறேன். உங்கப்பா அத எடுத்துக்கினு கழனிக்குப் போயிடுவாரு.”

“போகட்டுமே. அங்கேர்ந்தே பேசட்டும்.”

“உங்கூடப் பேசுவாரு.” அம்சவள்ளியின் குரல் தாழ்ந்தது. “என் பங்கு நெலத்த எங்கண்ணனுக்கு வுட்டுக் குடுத்ததுலேர்ந்து அவரு எங்கிட்ட பேசறதே இல்ல. ஞாயித்துக்கெழம நீ கூப்புடறப்ப மட்டும், உனக்குத் தெரியக்கூடாதுன்னு பக்கத்துல ஒக்காந்து, ‘அம்சா, நீ சொல்லு’ன்னு சிரிச்சிப் பேசுவாரு. அது ஒண்ணுதான்டி எனக்கு.”

தேன்மொழி போன்களை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

மதியம் அப்பா வந்ததும் சொன்னாள்: “கம்ப்யூட்டர் கூடத்துலயே இருக்கட்டும்ப்பா. இனிமே தெனமும் சாயந்தரம் கூப்புடுவேன். ரெண்டு பேரும் ஒக்காந்திருக்கணும்.”

அவள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தலையாட்டினார் அப்பா.