மாதுவின் போன்

போன மாதம், "வாழவே புடிக்கல மேடம்" என்று அழுத மாது அண்ணன் இன்று கவுன்சிலிங்குக்கு வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது.

ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற மனநல ஆலோசகர் ஹுமேரா, தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டு சித்தேரி பஸ்ஸில் மலையேறினாள்.

மாதுவின் வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே ஒரு பெண்ணின் அழுகை.

"யா அல்லா!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மாது சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே, பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"போனை ஏண்ணா ஆஃப் பண்ணீங்க?" ஹுமேராவின் குரல் உடைந்தது.

"ஆளுங்க மனசு வுட்டுப் பேசறப்ப நீங்களும் அப்படித்தானே மேடம் செய்வீங்க? வெளிய இன்னும் எத்தனை பேரு காத்திருக்காங்க பாருங்க!"

அப்போதுதான் ஹுமேரா கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் கவனித்தார்.

"கண்ணம்மாக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க. மேடத்தை முதல்ல பாத்துடறேன்."