கேட்டுக்கு வெளியே

பள்ளிக்கூட கேட்டைப் பிடித்து உலுக்கினான் அவன். பட்டப்பகலிலேயே சாராய வாடை குப்பென்று அடித்தது.

“என் பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும். கதவைத் திற.”

“அவ அம்மா வந்தா மட்டும்தான் அனுப்பணும்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருக்காங்க,” என்றார் காவலாளி.

“நான் அவளுக்கு அப்பன். எனக்கு உரிமை இல்லையா?”

“போன தடவை கூட்டிட்டுப் போனே. ஒடிஞ்ச கையோடதான் திரும்பி வந்தா.”

அவன் சுவரேறிக் குதிக்கப் பார்த்தான். காவலாளி அவன் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். போலீஸுக்குப் போன் செய்தார்.

ஜீப்பில் ஏற்றியபோது அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“பெத்த புள்ளையையே பிடிச்சுக் கொடுத்துட்டியேப்பா.”

வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேத்தியின் பக்கம் திரும்பத் தெம்பில்லாமல், காவலாளி கேட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.