பவுடர் வாசனை

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் தினம் சாயங்காலம் எங்க போறார்னு தெரியுமா?"

பக்கத்து வீட்டு டைலரம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள். 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று ஆரம்பிக்கிறவர்கள் நல்ல சேதி சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

"வாக்கிங் போறார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரே" என்றாள் ஏலக்காரர் மனைவி.

"நடக்கிறார்தான், அடுத்த தெரு வரைக்கும். அங்க குழந்தைங்க காப்பகம் நடத்துதே ஒரு பொண்ணு, அந்த வீட்டுக்குள்ள போறார். போனதும் கதவைச் சாத்திக்கிறாங்க. எனக்கெதுக்கு ஊர்வம்பு? கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

ஏலக்காரர் மனைவி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவர் லேசுப்பட்ட ஏலக்காரர் இல்லை. சந்தையில் நின்று 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று குரல் கொடுத்தால் கால் உடைந்த நாற்காலிக்குக்கூட அடிதடி நடக்கும். போன வருஷம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். கை கால் தேறிவிட்டது, பேச்சுதான் திரும்பவில்லை. மனசில் இருக்கிற வார்த்தை நாக்குக்கு வருவதற்குள் வழி தவறிவிடும்.

"பேசப் பேசத்தான் வரும். விட்டுட்டா அப்படியே போயிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மனைவியும் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டாள். அவர் "த" என்றால் தண்ணீர் வந்துவிடும். "க" என்றால் கண்ணாடி, கைக்குட்டை இரண்டுமே வந்துவிடும். ஒரு வார்த்தைக்கு அவரைத் திண்டாட விட்டதில்லை.

இப்போது யோசித்தால் எல்லாமே இடித்தது. கொஞ்ச நாளாக ஷேவிங் தவறுவதில்லை. தேய்த்த சட்டைதான் போடுகிறார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. துவைக்கப் போட்டிருந்த சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். பவுடர் வாசனை. இவள் பவுடர் போட்டு எத்தனையோ வருஷமாகிறது.

அன்று சாயங்காலம் வாசலில் மறித்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கா... கா..."

"காலாற நடக்கத்தானே? சரி சரி, போய்ட்டு வாங்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

பேச்சு வராத மனுஷனுக்கே இவ்வளவு திருட்டுத்தனமா? இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

டைலரம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கதவு திறந்தது, மனுஷன் உள்ளே நுழைந்தார், கதவு மூடிக்கொண்டது. இவள் ஜன்னலோரம் நின்று காதைத் தீட்டினாள்.

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றது ஒரு பெண் குரல்.

அதற்குமேல் பொறுமை ஏது? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நண்டும் சிண்டுமாகத் தரை முழுக்கக் குழந்தைகள். முகம் கழுவி, பவுடர் அப்பி, வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தன. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் ஏலக்காரர். மடியில் ஒன்று இருந்தது, முதுகில் ஒன்று தொங்கியது. காப்பகத்துப் பெண் தவளைப் படம் ஒன்றைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"தளவை" என்றாள் மடியில் இருந்த வாண்டு.

"தவ்வ" என்றது இன்னொன்று.

அடுத்தது ஏலக்காரர் முறை. "தவ... தல... தலகாணி."

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்த வாண்டு கூச்சமே இல்லாமல் மறுபடி "தளவை" என்றாள். அவரும் மறுபடி ஆரம்பித்தார்.

இவளுக்குச் சந்தேகம் போன இடத்தில் அவமானம் வந்து உட்கார்ந்தது.

"ஏம்மா, உனக்கே நல்லாயிருக்கா இது? சந்தையையே கட்டிப்போட்ட மனுஷன். அவரைப் பொடிசுங்க பார்த்துச் சிரிக்கிற மாதிரி வச்சிருக்கியே."

காப்பகத்துப் பெண் பதறவில்லை. இவள் பின்னால் திறந்து கிடந்த கதவைப் போய்ச் சாத்தினாள். "திறந்து விட்டா இதுங்க தெருவுக்கு ஓடிடும்மா. ஐயா முதல்ல வாசல்ல நின்னு இதுங்க பேசறதைக் கேட்டுக்கிட்டே இருப்பார். ஒருநாள் மடியில இருக்காளே, இவதான் கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு வந்தா. தப்பாச் சொன்னா இதுங்க சிரிக்கும்தான். தன்னோட தப்புக்கும் சேர்த்துச் சிரிக்கும், அப்புறம் மறுபடி சொல்லும். அதைப் பார்த்துத்தான் ஐயாவுக்கும் கூச்சம் விட்டுப்போச்சு. இப்பல்லாம் நாலஞ்சு வார்த்தை கோத்துப் பேசறார். வீட்ல பேசறதில்லையா?"

"வீட்ல வாயே திறக்கறதில்லையே."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. அவர் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, ராத்திரி பகலா நான் பக்கத்துலயேதானே இருக்கேன்? நான் சொல்லித் தரமாட்டேனா? இந்தக் குழந்தைங்ககிட்ட வந்துதான் கத்துக்கணுமா?"

ஏலக்காரர் அவளையே பார்த்தார். உதடு துடித்தது. "நீ... நீ... சொ..."

"சோர்வா இருக்கா? வீட்டுக்குப் போயிடலாமா?"

மடியில் இருந்த வாண்டு எழுந்து வந்து, பவுடர் கையால் இவள் வாயைப் பொத்தினாள்.

"சும்மா இரு. தாத்தா முறை."

ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. குழந்தைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தன. இவளும் காத்திருந்தாள். கல்யாணமானதிலிருந்து அவர் எதிரில் இவ்வளவு நேரம் இவள் பேசாமல் இருந்ததில்லை.

"நீ... சொல்லி... சொல்லித் தர்றே" என்றார் அவர். "இதுங்க... என்னைச்... சொல்ல... விடுதுங்க."